அதிராத அறை

உங்கள் பக்கத்து அறையில் ஒரு குளிர்சாதனப் பெட்டி ஓடுகிறது. வந்து உட்கார்ந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதன் ஒரு கால் தரையில் சரியாகப் படியவில்லை. அட்டைத் துண்டு ஒன்றை மடித்து வைத்தால் போதும். பரவாயில்லை, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தேநீர் நன்றாக இருக்கிறது, நன்றி.

நான் ஒரு பிழையைத் திருத்த வந்திருக்கிறேன், திரு. ஓல்ட்மான்ஸ். முந்தாநாள் நீங்கள் விபத்து விசாரணையை முடித்துவிட்டு எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினீர்கள். எக்கார்ட் மயங்கி விழுந்ததற்குக் காரணம் காற்றோட்ட விசிறி விட்டு விட்டு ஓடியதுதான், பழைய விசிறி, யாரையும் குறை சொல்ல முடியாது என்றீர்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் அன்று இரவு தூங்கவில்லை. இருபது வருடமாக அந்த நுண்ணோக்கிப் பிரிவின் தலைவி நான். என் பொறுப்பில் இருக்கும் எதுவும் விட்டு விட்டு ஓடாது. அந்த விசிறியில் ஒரு கோளாறும் இல்லை. அதை மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் கிளம்பினேன். ஆனால் அதை மட்டும் சொன்னால் உங்களுக்குப் புரியாது. கொஞ்சம் முன்னால் போக வேண்டும்.

எங்கள் நுண்ணோக்கி அடித்தளத்தில் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். அது அணுக்களைப் படம் எடுக்கும் கருவி. அணுவைப் பெரிதாக்கிக் காட்டும்போது அதன் நடுக்கத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். தெருவில் யாரோ காரின் கதவை அறைந்து சாத்தினால், என் திரையில் அணுக்களின் வரிசை குடிகாரன் போல ஒரு பக்கமாகச் சாயும். மேல் மாடியில் ஒருவர் இருமினால் தெரியும். லிஃப்ட் ஏறினால் தெரியும். யாருக்கு எடை கூடியிருக்கிறது, யார் மனைவியோடு சண்டை போட்டுவிட்டு வேகமாக நடக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் திரையைப் பார்த்தே தெரியும். நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஆகவே அமைதி என்பது எங்களுக்கு ஓர் ஆசை அல்ல. வேலைக்கான கருவி.

முதலில் ட்ராமைச் சரிசெய்தேன். வாசலிலேயே போகும் அந்த வண்டி ஒவ்வொரு தடவையும் என் படத்தை நாசமாக்கியது. நகராட்சியின் தண்டவாளப் பொறியாளர் லூயர்ஸ் நல்ல மனிதர், ஆனால் அழுத்தக்காரர்.

"டாக்டர், ட்ராம் பறந்து போகுமா? தண்டவாளத்துலதான் போகணும்."

"மெதுவா போகலாமே."

"ஏற்கெனவே ஜனங்க எங்களப் பாத்து சிரிக்கிறாங்க. நடந்து போறவன் வண்டிக்கு டாட்டா காட்டிட்டு முன்னாடி போறான்."

அவரை ஒரு நாள் அடித்தளத்துக்கு அழைத்து வந்து திரை முன்னால் உட்கார வைத்தேன். அவருடைய வண்டி போனது, அணுக்கள் சாய்ந்தன. மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டார். மறு வருடம் தண்டவாளத்துக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போட்டார்கள். நியாயமாகக் கேட்டால் உலகம் நியாயமாகவே நடந்துகொள்கிறது என்று அப்போது நினைத்தேன்.

பிறகு உணவகத்தின் பாத்திரம் கழுவும் இயந்திரத்தை வேறு கட்டடத்துக்கு மாற்ற வைத்தேன். நுண்ணோக்கியைத் தனிக் கான்கிரீட் மேடையில் ஏற்றினேன். சுவர்களில் பஞ்சு பதித்தேன். பக்கத்திலிருக்கும் சின்ன அறையில்தான் கருவியைக் குளிர்விக்கும் திரவ நைட்ரஜனை ஊற்றுவோம். அந்த அறைக் கதவின் ஓரத்தில் சத்தம் புகாதபடி ரப்பர் பட்டை ஒட்டினேன். கதவுக்குப் பக்கத்தில் கண்ணாடி ஜன்னல் ஒன்றும் உண்டு. அதன் வழியாக நாங்கள் சைகையில் பேசிக்கொள்வோம்.

நாங்கள் என்றால் நானும் எக்கார்டும். கருவிகளைப் பராமரிக்கும் தொழில்நுட்பர். ஆள் ஒரு கதவு அகலம் இருப்பார். தேவாலயப் பாடகர் குழுவில் கீழ்க்குரல் அவருடையது. வேலை செய்யும்போது தனக்கே தெரியாமல் முனகிக்கொண்டிருப்பார். அந்தக் கீழ்க்குரல் இருக்கிறதே, அது எந்தப் பஞ்சுக்கும் அடங்காது. திரையில் அதற்கென்று ஒரு அலை உண்டு. நான் ஜன்னலைத் தட்டுவேன். அவர் இரண்டு கையையும் தூக்கி மன்னிப்புக் கேட்பார். கொஞ்ச நேரத்தில் மறுபடி அலை வரும்.

"எக்கார்ட், பாடுறீங்க."

"நானா? இல்லையே."

"திரையில தெரியுது."

"சுதி சரியா இருக்கா?"

இப்படித்தான். அவரோடு கோபப்படுவது கஷ்டம். ஒரு தடவை என்னிடம் கேட்டார்: "டாக்டரம்மா, என் நெஞ்சும் துடிச்சிக்கிட்டேதான் இருக்கு. அதையும் நிறுத்தணுமா?"

"படம் எடுக்குற நேரம் மட்டும் நிறுத்துனா போதும்" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் அன்றைய காலை வேலை முழுக்கப் பாழானது.

நடனப் பள்ளி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அது நீங்கள் கேட்காத விஷயம். முற்றத்துக்கு அந்தப் பக்கக் கட்டடத்தில் ஓய்வு பெற்றவர்கள் வியாழக்கிழமைகளில் ஆடுவார்கள். இரும்பு லாடம் அடித்த காலணி. எண்பது வயதுக்காரர்கள் அவ்வளவு பலமாக மிதிப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. நேரம் மாற்றச் சொல்லிக் கேட்டேன். அதை நடத்திய ட்யாடென் அம்மா முன்பு தபால்காரராக இருந்தவர். "எங்களுக்கு இருக்கிறதே கொஞ்ச நேரம்தான், அதுலயும் வந்து அளக்குறீங்களா?" என்று கேட்டுவிட்டு இசைப் பெட்டியைச் சத்தமாக வைத்தார்.

ஆகவே என் அதிர்வுமானியை எடுத்துக்கொண்டு கட்டட உரிமையாளரிடம் போனேன். தரை எப்படி ஆடுகிறது என்பதை வரைபடமாகக் காட்டினேன். அளவுகள் எல்லாம் உண்மை. எல்லாத் தரையும் ஆடும், உங்கள் அலுவலகத் தரை உட்பட. அதை மட்டும் சொல்லவில்லை. அவராகவே உத்தரம் வலுவிழந்துவிட்டது என்று முடிவு செய்து பள்ளியை மூடினார். நான் பொய் சொல்லவில்லை. ஒருவர் தப்பாகப் புரிந்துகொள்வதைத் தடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஆட்டக்காரர்களில் எக்கார்டின் மனைவி வீப்கேவும் ஒருத்தி. பிறகு கடைவீதியில் பார்த்தபோது சொன்னாள்: "வாரத்துல எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான், கெசீன. அந்தத் தரை எங்களத் தாங்காதாம். நாங்க என்ன யானையா?"

எனக்கு வருத்தமாக இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்கு புளிப்பான ருபார்ப் தண்டு போட்டு ஒரு கேக் செய்து எடுத்துப் போனேன். எக்கார்ட் மூன்று துண்டு சாப்பிட்டார். வியாழக்கிழமைகளில் படங்கள் மிகத் தெளிவாக வந்தன.

எல்லாச் சத்தத்தையும் அடக்கிய பிறகுதான் விசிறியின் சத்தம் கேட்க ஆரம்பித்தது. இது எங்கள் தொழிலின் சாபம். பெரிய சத்தம் போனால் சின்ன சத்தம் பெரிதாகிவிடும். நைட்ரஜன் அறையின் காற்றோட்ட விசிறி எப்போதும் ஓட வேண்டும். காரணம் உங்களுக்குத் தெரியும். திரவ நைட்ரஜன் ஆவியாகி அறையில் இருக்கும் நல்ல காற்றைத் தள்ளிவிடும். அதற்கு வாசனை இல்லை, மூச்சு முட்டுவதும் இல்லை. ஆள் சும்மா சாய்ந்துவிடுவார். அதனால்தான் விசிறி, அதனால்தான் சுவரில் ஆக்ஸிஜன் குறைந்தால் கத்தும் எச்சரிக்கைக் கருவி. அந்த விதிமுறைகளை எழுதியவள் நான்தான். நன்றாக எழுதியிருந்தேன் என்று நீங்களே பாராட்டினீர்கள்.

படம் எடுக்கும் நேரத்தில் மட்டும் விசிறியை நிறுத்த ஆரம்பித்தேன். அந்த நேரத்தில் யாரும் நைட்ரஜனை ஊற்றுவதில்லை, ஆகவே ஆபத்தும் இல்லை. எச்சரிக்கைக் கருவி தன்னைத் தானே சோதித்துக்கொள்ள அவ்வப்போது கோழிக்குஞ்சு மாதிரி ஒரு கீச்சுக் குரல் கொடுக்கும். அதன் வாயில் கொஞ்சம் தேன்மெழுகை வைத்து அடைத்தேன். சிவப்பு விளக்கு வேலை செய்துகொண்டுதான் இருந்தது. விளக்கு சத்தம் போடாது.

எக்கார்ட் மெழுகைப் பார்த்துவிட்டார். "கோழிக்குஞ்சுக்குத் தொண்ட கட்டிருச்சா?" என்று கேட்டார். ஒரு வாரம் மட்டும் என்றேன். தலையை ஆட்டினார். அவர் என்னை நம்பாமல் இருக்க நான் அதுவரை ஒரு காரணமும் கொடுத்ததில்லை.

நான் தேடியது ஒரு பொன் துகளின் ஓரத்தை. அந்த ஓரத்தில் ஓர் அணு தன் இடத்தை விட்டுப் பக்கத்து இடத்துக்கு நகர்கிறது. எல்லோரும் அது நகர்கிறது என்று கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள். முன்பும் பின்பும் படம் இருக்கிறது. நகரும்போது எப்படிப் போகிறது என்பதை யாரும் முழுசாகப் பிடித்ததில்லை. எவ்வளவு வருடம் அதற்காக உட்கார்ந்தேன் என்று சொன்னால் நீங்கள் பரிதாபப்படுவீர்கள், வேண்டாம்.

இந்த வசந்தத்தில் ட்ராம் ஊழியர்கள் வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். ஈஸ்டர் விடுமுறை வேறு. கட்டடம் காலி. லிஃப்ட் தூங்கியது. காற்றும் இல்லை. காலையில் அதிர்வுமானியைப் பார்த்தேன். கோடு நேராகப் போனது. அப்படி ஒரு கோட்டை நான் பார்த்ததே இல்லை. நகரமே எனக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

எக்கார்ட் விடுமுறையில் இருந்தார். அவரும் வீப்கேவும் தீவுக்குப் போகப் பெட்டி கட்டி வைத்திருந்தார்கள். நான் தொலைபேசியில் கூப்பிட்டேன். பின்னாலிருந்து வீப்கேவின் குரல் கேட்டது: "மதியக் கப்பல விட்டோம்னா நான் தனியாப் போயிடுவேன், அவகிட்ட சொல்லு."

"மதியத்துக்குள்ள முடிஞ்சிடும்" என்றேன்.

அவர் கையில் ஊறுகாய் மீன் வைத்த ரொட்டியோடு வந்தார். வாசலில் வெங்காய வாசனை. ரொட்டியை வெளியிலேயே மென்று முடிக்கச் சொன்னேன். "மென்னு முழுங்குற சத்தம் கூடவா?" என்று கேட்டுவிட்டு, சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்று சாப்பிட்டார், என்னைப் பார்த்தபடியே, மிக மெதுவாக.

துகளைக் கண்டுபிடித்தேன். ஓரத்தில் ஓர் அணு அமைதியில்லாமல் நின்றது. நகரப் போகிறது என்று தெரிந்துவிட்டது, எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். ஆனால் நுண்ணோக்கியின் குளிர்ப் பகுதியில் நைட்ரஜன் குறைந்துகொண்டிருந்தது. நிரப்பாவிட்டால் கருவிக்குள் பனி படிந்து படம் மங்கும். பக்கத்து அறையிலிருக்கும் பெரிய கலனிலிருந்து குழாய் வழியாக, கொஞ்சம் கொஞ்சமாக, கையால் விட வேண்டும். வேகமாக விட்டால் கொதித்து அதிரும். அதைப் பூப்போலச் செய்ய எக்கார்டைத் தவிர யாருக்கும் தெரியாது. குழாயின் பழைய இணைப்பு நிறையக் கசியும். அதுவும் எங்களுக்குத் தெரியும்.

"விசிறியப் போடட்டுமா?" என்று கேட்டார்.

"இன்னைக்கு வேண்டாம்."

"விதிமுறைன்னு ஒண்ணு மாட்டி வெச்சிருக்கீங்களே, சுவத்துல."

"அதை எழுதுனதே நான்தான்."

கொஞ்சம் யோசித்தார். பிறகு தோளைக் குலுக்கினார். "சரி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீங்க உக்காந்திருக்கீங்க. நான் சாஞ்சா பாத்துப்பீங்க."

"பாத்துப்பேன்" என்றேன்.

கதவைச் சாத்தினார். ரப்பர் பட்டை அழகாகப் பொருந்தியது.

நான் பார்த்தேன், திரு. ஓல்ட்மான்ஸ். அப்போது மாடிக்குப் போயிருந்ததாக உங்களிடம் சொன்னேன். அது உண்மை இல்லை. சிவப்பு விளக்கு மின்ன ஆரம்பித்ததைப் பார்த்தேன். அவர் முதுகு அதன் பக்கம் திரும்பியிருந்தது. திரையில் அவருடைய முனகல் இல்லை. பரவாயில்லையே, இன்றைக்காவது சொன்னபடி கேட்கிறார் என்று நினைத்தேன். பிறகு அவர் உட்காரப் போகிறவர் மாதிரி மெதுவாக மடங்கி, ஜன்னலுக்குக் கீழே போனார். அணுக்களின் வரிசை ஒரு தடவை பலமாக ஆடியது. பெரிய உடம்பு. ஆடி, அடங்கியது.

உடனே அந்த அணு புறப்பட்டது.

இந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் என்று நீங்கள் கேட்பீர்கள். பதறவில்லை. இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தேன். கதவைத் திறந்தால் காற்று வரும், நான் ஓட வேண்டும், விசிறி ஓட வேண்டும், ஆம்புலன்ஸ், படிக்கட்டில் பூட்ஸ் கால்கள். படம் நிச்சயமாகப் போய்விடும். திறக்காவிட்டால் அவருக்கு என்ன ஆகும் என்பது நிச்சயமாகத் தெரியாது. லேசான மயக்கமாக இருக்கலாம். அவர் திடமான ஆள். நிச்சயமான இழப்பு ஒரு பக்கம், நிச்சயமில்லாத இழப்பு இன்னொரு பக்கம். விஞ்ஞானம் படித்த யாரும் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

அணு நேராகப் போகவில்லை. எல்லோரும் நேராகப் போகும் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அது பக்கத்து அணுவின் மேல் ஏறி, தயங்கி, மறுபடி இறங்கி, வேறு ஓர் இடைவெளியைத் தேர்ந்தெடுத்து அதில் உட்கார்ந்தது. நான் அழுதேன். அதையும் சொல்லிவிடுகிறேன், என்னைக் கல் என்று நினைத்துவிடக் கூடாது.

படங்களைச் சேமித்தேன். இன்னொரு இடத்திலும் ஒரு பிரதி வைத்தேன். விசிறியைப் போட்டேன். கதவைத் திறந்து காற்று மாறும்வரை வெளியில் நின்றேன். விதிமுறை அப்படித்தான் சொல்கிறது, மீட்கப் போகிறவரும் விழுந்துவிடக் கூடாது. கருவியின் வாயிலிருந்து மெழுகை எடுத்தேன், அது உடனே கத்த ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தோடுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். ஆகவே நீங்கள் வந்து சோதித்தபோது எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. அதனால்தான் விசிறி விட்டு விட்டு ஓடியிருக்க வேண்டும் என்று நீங்கள் ஊகித்தீர்கள். ஊகம் நல்லதுதான். உண்மை இல்லை. அதை இயக்கியவளும் நிறுத்தியவளும் நான். அது என் கைக்குக் கட்டுப்பட்டு, கடைசிவரை ஒழுங்காகவே நடந்துகொண்டது.

எக்கார்ட் பிழைத்துவிட்டார். நீங்கள் அவரைப் போய்ப் பார்த்தீர்களா? ஆற்றங்கரையில் நல்ல மறுவாழ்வு இல்லம். மூளைக்குப் போதுமான காற்று கிடைக்காததால் பேச்சு போய்விட்டது. வலது கையும் சரியில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து படகுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். இத்தனை வருடத்தில் நாங்கள் இவ்வளவு நிம்மதியாகச் சேர்ந்து உட்கார்ந்ததில்லை. என்னைப் பார்த்தால் அவர் கண்கள் விரிகின்றன. சந்தோஷம் என்று நினைக்கிறேன்.

அணுவைப் பற்றிய கட்டுரையை அனுப்பிவிட்டேன். ஆசிரியர்களில் ஒருவராக அவர் பெயரையும் சேர்த்திருக்கிறேன். இதுவரை நான் அப்படிச் சேர்த்ததில்லை. அன்றைக்கு அவருடைய பங்கு பெரியது.

போன வாரம் அங்கே பேச்சுப் பயிற்சி தரும் பெண் எங்களிடம் வந்தாள். அவர் உதடுகள் அசைய ஆரம்பித்திருக்கின்றன, இரண்டொரு எழுத்து வருகிறது, தினமும் பயிற்சி கொடுத்தால் கோடைக்குள் வார்த்தைகள் வரலாம் என்றாள். வீப்கே என் தோளில் சாய்ந்து அழுதாள்.

"என்ன செய்யலாம், கெசீன? நீ படிச்சவ. நீயே சொல்லு."

எழுத்துக்காக அவர் எப்படி முகம் சிவந்து கஷ்டப்படுகிறார், குறிப்பாக நான் அறைக்குள் இருக்கும்போது எப்படித் திணறுகிறார் என்பதை நான் பார்த்திருக்கிறேன். பார்க்கச் சகிக்கவில்லை. இப்போது வேண்டாம், இந்த வருடம் ஓய்வெடுக்கட்டும் என்றேன். வீப்கே உடனே சம்மதித்து, பயிற்சி வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டாள். அவர்மேல் உண்மையான அக்கறை உள்ளவர்கள் நாங்கள் இரண்டு பேர்தானே.